அஷ்ரப் திறந்த வாசல்: வெட்டுப்புள்ளி முதல் மாயக்கல்லி மலை வரை

விகிதாசாரத் தேர்தல் முறையை 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு கொண்டுவந்தபோது சிறிய கட்சிகளுக்கு ஒரு தடையையும் வைத்தது. ஒரு மாவட்டத்தின் செல்லுபடியான வாக்குகளில் 12.5 வீதத்தைப் பெறாத கட்சி ஆசனக் கணக்கிலேயே சேராது. 1988 டிசம்பரில் 15ஆவது திருத்தம் இந்த வெட்டுப்புள்ளியை 5 வீதமாகக் குறைத்தது. சனாதிபதித் தேர்தலில் ரணசிங்க பிரேமதாசவுக்கு ஆதரவளிக்க முஸ்லிம் காங்கிரஸின் தலைவர் எம்.எச்.எம். அஷ்ரப் முன்வைத்த நிபந்தனை அது. கேட்டவர் ஒரு முஸ்லிம் தலைவர். ஆனால் பயனடைந்தவை தமிழ்க் கட்சிகளும் தெற்கின் சிறிய கட்சிகளும்கூட. தன் சமூகத்துக்காகக் கேட்ட உரிமை எல்லோருக்கும் பொதுவான உரிமையானதற்கு நம் நாட்டில் இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1948இல் சம்மாந்துறையில் பிறந்த அஷ்ரப், கல்முனையில் சட்டத்தரணியாக இருந்தவர். 1977 தேர்தல் காலத்தில் தமிழர் விடுதலைக் கூட்டணியோடு சேர்ந்து இயங்கினார். 1981இல் காத்தான்குடியில் முஸ்லிம் காங்கிரஸைத் தொடங்கினார். 1988இல் வடக்கு கிழக்கு மாகாண சபைத் தேர்தலில் அக்கட்சி 17 ஆசனங்களைப் பெற்று எதிர்க்கட்சியானது. அடுத்த ஆண்டே அவர் பாராளுமன்றம் சென்றார்.

அவருடைய அரசியல் சிந்தனையில் மூன்று படிகளைக் காண்கிறேன். முதலாவது, ஜனநாயகம் என்பது தலைகளை எண்ணுவதோடு முடிவதில்லை, எண்ணிக்கையில் குறைந்தவரின் குரலும் முடிவெடுக்கும் மேசைக்கு வரவேண்டும் என்பது. இரண்டாவது, முன்னேற்றம் மண்ணில் தெரியவேண்டும் என்பது. 1994இல் அமைச்சரான பின், போரால் கல்வி குலைந்திருந்த காலத்தில், 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வித்திட்டார். இன்று ஒலுவிலில் மூவின மாணவர்களும் படிக்கிறார்கள். ஒலுவில் துறைமுகமும் அவருடைய கனவுதான். ஆனால் அவர் மறைந்து பல ஆண்டுகளின் பின் கட்டப்பட்ட அத்துறைமுகத்தில் மணல் நிரம்பியது, அயல் கரையைக் கடல் தின்றது. கரையோர மக்களைக் கேட்காமல் வரும் அபிவிருத்தி எங்கே போய் முடியும் என்பதற்கு அதுவும் ஒரு பாடம்.

மூன்றாவது படி 1999இல் வந்தது. முஸ்லிம்களின் கட்சியைக் கட்டியெழுப்பிய அதே மனிதர், எல்லா இனத்தவரும் சேரக்கூடிய தேசிய ஐக்கிய முன்னணியை உருவாக்கினார். அதைச் சோதித்துப் பார்க்கக் காலம் இடம் தரவில்லை. 2000 செப்டெம்பர் 16இல் அரநாயக்கவில் நடந்த ஹெலிகொப்டர் விபத்தில் 51 வயதில் மறைந்தார்.

நான் வாழும் இறக்காமத்தில் இருந்து பார்த்தால் அந்த மூன்றாவது படி இன்னும் ஏறப்படாமலே கிடக்கிறது. எங்கள் பிரதேசத்தில் முஸ்லிம்கள் பெரும்பான்மை. மாணிக்கமடுவில் தமிழர்களும், அயலில் சிங்களவர்களும் வாழ்கிறார்கள். 2016 ஒக்டோபரில் மாணிக்கமடு மாயக்கல்லி மலையில் புத்தர் சிலை வைக்கப்பட்டபோது தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்தே எதிர்த்தார்கள். நிலம் என்று வந்தால் நம் இரு சமூகங்களின் கதையும் ஒன்றுதான் என்று அன்று எல்லோருக்கும் புரிந்தது. சுனாமியில் வீடிழந்தவர்களுக்காக நுரைச்சோலையில் சவூதி உதவியோடு கட்டிய 500 வீடுகள், இன விகிதாசார வழக்கினால் ஆண்டுக்கணக்கில் பூட்டிக் கிடந்ததும் இதே மாவட்டத்தில்தான்.

அந்த ஒற்றுமை ஏன் நிலைக்கவில்லை? 1990 ஓகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். அதே மாதம் வீரமுனையில் கோவிலில் தஞ்சமடைந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். ஒவ்வொரு சமூகமும் தன் இழப்பை மட்டும் நினைவுகூர்கிறது. மற்றவரின் ஜனாஸாவுக்கும் மரண வீட்டுக்கும் போய்த் துக்கம் கேட்கும் நாம், அரசியலில் மட்டும் அந்தத் துக்கத்தைக் கேட்பதில்லை. கல்முனை வடக்குப் பிரதேச செயலகப் பிரச்சினை 2019இல் உண்ணாவிரதம் வரை போனதற்கு எல்லைக் கோடு மட்டும் காரணமல்ல, இந்த அவநம்பிக்கையும்தான்.

2020 பொதுத் தேர்தல் இன்னொன்றையும் காட்டியது. அம்பாறை மாவட்டத்தில் தமிழ் வாக்குகள் இரண்டு பட்டியல்களுக்குப் பிரிந்தன. இரண்டும் 5 வீதத்தைத் தாண்டியும் ஓர் ஆசனம்கூடக் கிடைக்கவில்லை. சட்டம் வாசலைத் திறந்துவிடும். உள்ளே போகச் சேர்ந்து நடப்பது நம் பொறுப்பு.

அப்படிச் சேர்ந்து நடக்க நமக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒவ்வொரு போகத்துக்கும் முன் நடக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தண்ணீர் திறக்கும் நாளையும் விதைப்பு முடியும் நாளையும் விவசாயிகள் ஒன்றாக இருந்து தீர்மானிக்கிறார்கள். மேல் வயல்காரன் யார், கீழ் வயல்காரன் யார் என்று வாய்க்கால் இனம் பார்ப்பதில்லை. நிலம், வீடு, செயலகம் ஆகிய மூன்றையும் அதே மாதிரி ஒரே கூட்டத்தில் வைத்துப் பேசினால், அஷ்ரப் பாதியில் விட்ட படியை நாம் ஏறத் தொடங்கலாம்.