இடி நசுக்கிய செப்புக் குழாய்

பிற்பகலில் வானம் கறுத்துவிட்டால், கொடியில் காயும் துணியை எடுக்கும்படி கிள்ளானிலும் பிரிக்ஃபீல்ட்ஸிலும் யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. மலாக்கா நீரிணையின் ஈரக்காற்று தித்திவங்சா மலைத்தொடரை நோக்கி வந்து மேலெழும் வழியில் இருப்பதால், கிள்ளான் பள்ளத்தாக்கு உலகிலேயே இடி மிகுந்த வட்டாரங்களுள் ஒன்றாயிற்று. சுபாங்கில் ஆண்டுக்கு ஏறத்தாழ 200 நாட்கள் இடி கேட்கிறது. இங்கே இடிதாங்கி இல்லாத உயர்ந்த கட்டடம் அரிது. ஆயினும், மின்னல் இறங்கும்போது அந்த உலோகத்துக்கு என்ன நேர்கிறது என்று உலகத்தைக் கேட்கவைத்தது ஆஸ்திரேலியாவில் கிடைத்த ஒரு குழாயேயாகும்.

நியூ சவுத் வேல்ஸில் ஹார்ட்லி வேல் என்னும் ஊரில் மண்ணெண்ணெய் சுத்திகரிக்கும் ஆலை ஒன்று இருந்தது. அங்கே இடிதாங்கியாகப் பயன்பட்ட செப்புக் குழாய், மின்னல் பாய்ந்தபின், கையால் பிழிந்ததுபோல் உட்புறமாக நசுங்கிப் போயிற்று. எந்தச் சம்மட்டியும் அதைத் தொடவில்லை. சிட்னிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பொல்லாக், பாரக்ளோ என்னும் இருவர் 1905ஆம் ஆண்டில் காரணத்தை விளக்கினார்கள். ஒரே திசையில் மின்சாரம் ஓடும் இரு கம்பிகள் ஒன்றையொன்று இழுக்கும் என்று ஆம்பியர் 1820லேயே காட்டியிருந்தார். குழாயின் சுவரை எண்ணற்ற மெல்லிய கம்பிகளின் கட்டாக எண்ணிப் பார்த்தால், அவை யாவும் ஒன்றையொன்று இழுத்து நடுவை நோக்கி நெருங்கும். மின்னலின் ஓட்டமோ பல்லாயிரம் ஆம்பியர். செம்பு என்ன செய்யும், பாவம்!

இந்த விசையைத் தொழிலுக்குப் பயன்படுத்த அரை நூற்றாண்டு ஆயிற்று. அமெரிக்காவில் ஜெனரல் அட்டாமிக் நிறுவனத்தைச் சேர்ந்த ஹார்வியும் புரோவரும் 1958இல் ஒரு கருவிக்குக் காப்புரிமை கோரினார்கள். அது 1961இல் கிடைத்தது. மின்தேக்கியில் சேர்த்த ஆற்றலைக் கம்பிச் சுருளில் ஒரே நொடிப்பில் கொட்டுவார்கள். அருகிலுள்ள தகட்டில் எதிர்த்திசை மின்னோட்டம் பிறக்கும். சுருள் தகட்டை உதைத்துத் தள்ளும். தகடு நொடிக்கு நூறு மீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் அச்சில் போய் அறையும்.

இப்படி அறையப்பட்ட அலுமினியம், மெதுவாக அழுத்தும்போது கிழியும் அளவையும் தாண்டி நீள்வதுண்டு. இங்கேதான் சிக்கல். நீளச் செய்வது வேகமா, வெப்பமா, மின்னோட்டமேயா? உலோகத்துக்குள் பாயும் மின்துடிப்பு அதை இளகச் செய்கிறது என்று சோவியத் ஆராய்ச்சியாளர் துரோயித்ஸ்கி 1960களில் துத்தநாகப் படிகங்களைக் கொண்டு வாதிட்டார். ஓடும் மின்னணுக்கள் படிகத்தின் குறைகளைத் தள்ளி நகர்த்துகின்றன என்பது ஒரு சாரார் கொள்கை. சாதாரணச் சூடுதான் காரணம் என்பது மறுசாராரின் விடை. இரண்டும் ஒரே இடத்தில், நொடியின் பல்லாயிரத்தில் ஒரு பங்குக்குள் நிகழ்வதால் பிரித்தறிவது எளிதன்று. தகட்டுக்கு அடியில் நன்கு மின்கடத்தும் வேறொரு தகட்டை வைப்பது ஒரு நல்ல உபாயம். மின்னோட்டத்தின் பெரும்பகுதியை அடித்தகடு ஏற்றுக்கொள்ளும். மேல்தகடு வேகத்தை மட்டும் பெறும். அப்போதும் மேல்தகடு கூடுதலாக நீளுமாயின், அந்தப் பங்கு வேகத்துக்கே உரியது.

தொழிற்சாலைகளின் கவலை வேறு. தகட்டை உதைக்கும் அதே விசை சுருளையும் திருப்பி உதைக்கிறது. ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்கும் சுருளைச் செய்வதே அவர்களுக்குப் பெரும்பாடு.