கோடைக்கானல் சூரியத் தகடுகளும் தானியங்கிப் பட அளவீட்டின் பிழைகளும்

ஆய்வுச் சுருக்கம்

கோடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் 1904 முதல் எடுக்கப்பட்ட ஒளிப்படத் தகடுகள் அண்மைக் காலத்தில் எண்ணிம வடிவம் பெற்று, கணினி நிரல்களால் அளக்கப்பட்டுள்ளன. அவ்வளவீட்டில் எழுந்த பிழைகளின் இயல்பையும் அவை களையப்பட்ட முறையையும் இக்கட்டுரை வரலாற்று நோக்கில் ஆராய்கிறது. பட அளவீட்டில் பிழைநீக்கம் என்பது நிரல்வரிகளைத் திருத்துவதோடு முடிவதில்லை. படம் உருவான சூழலை மீட்டெடுக்கும் ஆவணப் பணியாகவும் அது அமைகிறது என்பதே இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: கோடைக்கானல், சூரியப் புள்ளிகள், எண்ணிமமாக்கம், குறுநிரல், பிழைநீக்கம், கிரீன்விச்.

முன்னுரை

பல படங்களுக்கு ஒரே கட்டளைத் தொடரை இயக்குவதற்கு மேக்ரோ எனப்படும் குறுநிரல் பயன்படுகிறது. அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனங்களில் பணியாற்றிய வெய்ன் ராஸ்பேண்ட் 1997-இல் வெளியிட்ட இமேஜ்ஜே மென்பொருள் இம்முறையை ஆய்வகங்களில் பரவலாக்கியது. குறுநிரல் இரு வகையில் தவறக்கூடும். கட்டளையில் எழுத்துப்பிழை இருப்பின் இயக்கம் நின்றுவிடும். பிழை உடனே புலப்படும். படங்கள் அனைத்தும் ஒரே அமைப்பில் உள்ளன என்னும் அனுமானம் பொய்க்கும்போதோ இயக்கம் நிற்பதில்லை. தவறான எண்ணும் சரியான எண்ணைப் போலவே அட்டவணையில் பதிவாகிவிடும். இவ்விரண்டாம் வகைப் பிழைக்குத் தமிழகத்தில் கிடைக்கும் தெளிவான சான்று கோடைக்கானல் தகடுகள் ஆகும். அங்குப் பயன்பட்டவை இமேஜ்ஜே குறுநிரல்கள் அல்ல. வானியல் பணிக்கென அமைந்த தனி நிரல்கள். எனினும் சிக்கலின் இயல்பு ஒன்றே.

தகடுகளின் தோற்றம்

சென்னை நுங்கம்பாக்கத்தில் 1792-இல் வானாய்வகம் அமைந்தது. 1876-78 காலத்துத் தாது வருடப் பஞ்சம், பருவமழை பொய்ப்பதற்கும் சூரியனின் மாற்றங்களுக்கும் தொடர்பு உண்டா என்னும் வினாவை வலுப்படுத்தியது. சூரியனை இடைவிடாது நோக்குவதற்கு உயரமான மலைப்பகுதி தேடப்பட்டு, 1899-இல் கோடைக்கானல் ஆய்வகம் நிறுவப்பட்டது. மிச்சி ஸ்மித் அதன் முதல் இயக்குநர். சூரியப் புள்ளிகளில் வளிமம் மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது இங்குதான்.

1904 முதல் வானம் தெளிந்த நாள்களில் சூரியனின் வெண்ணொளிப் படம் எடுக்கப்பட்டு வந்தது. ஏறத்தாழ 20 செ.மீ. விட்டமுள்ள சூரிய வட்டம் தகட்டில் பதிந்தது. ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இவ்வரிசை தொடர்ந்தமையால், சூரியனின் 11 ஆண்டுச் சுழற்சிகள் பலவற்றை ஒருசேர ஒப்பிட இயலும். உலகில் இத்தகைய தொடர்கள் மிகச் சிலவே.

எண்ணிமமாக்கமும் அளவீடும்

தகடுகள் 4096 × 4096 படப்புள்ளிகள் கொண்ட மின்னணு உணரியால், 16 பிட் ஆழத்தில் எண்ணிமமாக்கப்பட்டன. 8 பிட் படம் 256 ஒளிநிலைகளையே பிரித்துக் காட்டும். 16 பிட் படத்திலோ 65,536 நிலைகள் உள்ளன. 2013-இல் ரவீந்திராவும் உடன் ஆய்வாளர்களும் இத்தொகுப்பின் தொடக்க முடிவுகளை வெளியிட்டனர். சுதீப் மண்டல் குழுவினர் 1921-2011 காலத்துப் புள்ளிகளின் பரப்பளவு அட்டவணையை 2017-இல் வெளியிட்டனர்.

அளவீட்டு நிரல் முதலில் சூரிய வட்டத்தின் விளிம்பையும் மையத்தையும் காண வேண்டும். சூரியன் விளிம்பை நோக்கிச் செல்லச் செல்ல மங்கித் தோன்றுவதால் அம்மங்கலை அடுத்து நீக்க வேண்டும். பின்னரே சூழலைவிடக் கருத்த பகுதிகளைப் பிரித்தெடுத்துப் பரப்பைக் கணக்கிடலாம். பரப்பளவு, சூரிய அரைக்கோளத்தின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு என்னும் அலகில் தரப்படுகிறது. தகட்டின் தூசியும் கீறலும் நிரலுக்குப் புள்ளிகளாகவே தோன்றக்கூடும். புள்ளிகளைக் கண்டறியும் பணி முழுத் தானியங்கியாக அன்றி, மனிதக் கண்காணிப்புடன் கூடிய அரைத் தானியங்கி முறையில் நிகழ்ந்தமை இவ்விடத்துக் கருதத்தக்கது.

திசை மாறிய தகடுகள்

பிபூதி குமார் ஜா குழுவினர் இவ்வட்டவணையை 1904-2017 எனும் காலத்திற்கு விரித்து 2022-இல் வெளியிட்டனர். அப்போது அவர்கள் எதிர்கொண்ட முதன்மைச் சிக்கல் படங்களின் திசையமைவு ஒழுங்கின்றி இருந்தமையாகும். கண்ணாடித் தகட்டைத் தலைகீழாகவும் வைக்கலாம். முன்பின்னாகப் புரட்டியும் வைக்கலாம். நான்கு நிலைகளிலும் சூரியன் வட்டமாகவே தெரியும். நிரல் விளிம்பைச் சரியாகக் காணும். புள்ளியின் பரப்பையும் சரியாகவே தரும். ஏனெனில், சாய்கோணத்தால் சுருங்கித் தோன்றும் பரப்புக்கான திருத்தம் மையத்திலிருந்து புள்ளி உள்ள தொலைவைப் பொறுத்ததே. ஆனால் வடகோளப் புள்ளி தென்கோளத்தில் பதிவாகிவிடலாம். இரு கோளங்களின் செயற்பாட்டு ஏற்றத்தாழ்வையும், புள்ளிகளின் இடப்பெயர்வைக் காட்டும் வண்ணத்துப்பூச்சி வரைபடத்தையும் இது குலைத்துவிடும். மொத்தப் பரப்பு சரியாக இருப்பதே இப்பிழையை மறைக்கவும் செய்கிறது.

தொடரின் உள்ளேயே ஒரு சோதனை உண்டு. புள்ளிகள் நாள்தோறும் கிழக்கு விளிம்பிலிருந்து மேற்கு நோக்கி நகர வேண்டும். எதிர்த்திசையில் நகர்ந்தால் படம் திரும்பியுள்ளது எனலாம். எனினும் வடக்கும் தெற்கும் மட்டும் இடம்மாறிய படத்தில் நகர்வுத் திசை மாறாது. அச்சோதனை அங்குப் பயன்படாது; புறச்சான்று தேவைப்படுகிறது. சூரிய அச்சின் தோற்றச் சாய்வு ஆண்டினுள் இருபுறமும் ஏறத்தாழ 26 பாகை வரை மாறுவதால், தகட்டின் நாளும் ஐயமின்றித் தெரிந்திருக்க வேண்டும்.

கிரீன்விச் என்னும் புறச்சான்று

ஜா குழுவினர் கோடைக்கானல் படங்களை அதே காலத்துக் கிரீன்விச் அரச வானாய்வகத் தரவுகளுடன் ஒப்பிட்டுத் திசையமைவை நிறுவினர். முன்னைய அட்டவணையில் இடைவெளியாக விடுபட்டிருந்த சிக்கலான தகடுகளையும் மீள அளவுதிருத்தம் செய்து சேர்த்தனர். 1874 முதல் 1976 வரை நீண்ட கிரீன்விச் தொடர், தன் வானம் மூடிய நாள்களுக்கு நன்னம்பிக்கை முனை, மொரீசியசு, டேராடூன், கோடைக்கானல் ஆகிய இடங்களின் தகடுகளைப் பெற்றே நிறைவு செய்யப்பட்டது. ஒரு காலத்தில் கிரீன்விச்சின் இடைவெளியை நிரப்பிய கோடைக்கானலின் தொடர், பின்னர் அதே கிரீன்விச் தரவால் திருத்தம் பெற்றது.

சுவடிப் பதிப்பில் ஓர் ஏட்டின் ஐயத்தை மற்றோர் ஏடு தீர்க்கிறது; ஆனால் அவ்வேடு முன்னதன் படியாக இருப்பின் அதனைத் தனிச்சான்றாகக் கொள்வதில்லை. இங்கும் அவ்வெச்சரிக்கை பொருந்தும். கோடைக்கானல் தகட்டையே கிரீன்விச் பயன்படுத்திய நாள்களில் ஒப்பீடு திசையை அறிய உதவலாம்; பரப்பளவுக்குத் தனித்த சான்றாகாது.

முடிவுரை

மேற்கண்ட ஆய்வின்வழி மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. முதலாவது, தானியங்கி அளவீட்டின் கடுமையான பிழைகள் இயக்கத்தை நிறுத்துவதில்லை. எனவே நிரல் ஓடி முடிந்தமை சரியான முடிவுக்குச் சான்றாகாது. இரண்டாவது, ஓர் அளவு சரியாக இருப்பது மற்றோர் அளவின் பிழையை மறைக்கக்கூடும். பரப்பும் இடமும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டும். மூன்றாவது, தகடு வைக்கப்பட்ட நிலை, நாள், நேரம் ஆகிய குறிப்புகளும் அளவீட்டின் உறுப்புகளே. இவை பதிவாகாவிடில் பிற்கால ஆய்வாளர் வேறோர் ஆய்வகத்தின் சான்றைத் தேடியே அவற்றை மீட்க வேண்டியுள்ளது. தகடுகளைப் பாதுகாப்பதோடு அவற்றின் பதிவேடுகளையும் பாதுகாப்பது, வருங்காலப் பட ஆய்வின் அடிப்படைத் தேவை என்பது இதனால் தெளிவாகிறது.