"உங்க நேட்டிவ் எது?"

போன பதிவு நீளம் என்று சிலர் குறைப்பட்டுக்கொண்டீர்கள். இது அதைவிட நீளம். ஞாயிற்றுக்கிழமைதானே, காபி எடுத்துக்கொண்டு உட்காருங்கள்.

பெருங்குடியில் எங்கள் குடியிருப்புக்குப் புதிதாக யார் வந்தாலும், பெயரைக் கேட்பதற்கு முன்னாலேயே கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "உங்க நேட்டிவ் எது சார்?" ஓ.எம்.ஆர். முழுக்க இதே கேள்விதான். கேட்பவர் தேனிக்காரராக இருப்பார், பதில் சொல்பவர் ராஜமுந்திரிக்காரராக இருப்பார். (நான் பெருங்குடியில் இருக்கிறேன் என்றால் மதுரைச் சொந்தங்கள் "ஏர்போர்ட் பக்கத்திலயா?" என்கிறார்கள். அது வேறு பெருங்குடி.) ஆங்கிலத்தில் 'நேட்டிவ்' ஒரு பெயரடை. அதன் பின்னால் 'ஊர்' என்று ஒரு சொல் வர வேண்டும். நாம் ஊரை வெட்டிவிட்டுப் பெயரடையை மட்டும் வைத்துக்கொண்டோம்.

சும்மா விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் நாலு பேர் வாயில் நாலு விதமாக இந்தச் சொல் வந்தது. நாலாவது மாடியில் செல்போனுக்குச் செயலி எழுதும் பையன் 'நேட்டிவ் ஆப்' என்றான். போனின் சொந்த மொழியிலேயே எழுதப்பட்டதாம். வெளிநாட்டில் ஆங்கில ஆசிரியை வேலை தேடும் ஒரு பழைய மாணவி, 'நேட்டிவ் ஸ்பீக்கர் மட்டும்' என்று விளம்பரம் போடுகிறார்கள் என்று வருத்தப்பட்டாள். முப்பது வருடமாக ஆங்கிலத்திலேயே படித்து, எழுதி, கனவும் காண்கிறவள் அவள். சினிமா பார்த்துவிட்டு வந்த எதிர்வீட்டுக்காரர் "படத்துல நேட்டிவிட்டியே இல்ல சார்" என்றார். நாலாவது, என் தம்பி மகன். புனேயில் வளர்ந்த அவன் பெண்ணுக்குத் தமிழ்நாட்டில் கல்லூரி இடம் வேண்டும். 'நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட்' எப்படி வாங்குவது என்று கேட்டான். ஒரே சொல் ஒருவருக்குப் பெருமை, ஒருவருக்குப் பூட்டிய கதவு, ஒருவருக்குத் தாசில்தார் கையெழுத்து. வரலாற்று வாத்தியாருக்கு இது போதாதா?

லத்தீனில் 'நாட்டுஸ்' என்றால் பிறந்தவன். நேட்டிவ், நேச்சர், நேஷன் எல்லாம் அந்த ஒரே வயிற்றுப் பிள்ளைகள். கிறிஸ்து பிறப்பை நேட்டிவிட்டி என்பதும் அதனால்தான். வெகுளி என்று பொருள்படும் 'நைவ்' கூட இதே சொல் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்ததுதான். ஆக, பிறப்பு என்பதுதான் அடிப்படை. ஆனால் பிறப்பைக் கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துப் பொருள் மாறிவிடுகிறது. இடைக்கால இங்கிலாந்தின் பண்ணைக் கணக்குகளில் 'நேட்டிவஸ்' என்றால் பிறப்பிலேயே நிலப்பிரபுவுக்குக் கட்டுப்பட்ட அடிமைக் குடியானவன். தன் பெண்ணுக்குக் கல்யாணம் செய்துவைக்க அவன் பிரபுவுக்குப் பணம் கட்ட வேண்டும். சொந்த நாட்டில், சொந்த இனத்தானையே அவர்கள் அப்படித்தான் குறித்தார்கள். கப்பலேறி இங்கே வந்தபோது அந்தச் சொல்லையும் பெட்டியில் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள்.

சென்னையில் கம்பெனியின் சிப்பாய்ப் படைக்கு 'மெட்ராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி' என்று பெயர். அதில் இந்தியர் எட்டக்கூடிய உச்சம் சுபேதார். நரைத்த மீசையுள்ள சுபேதாரும் நேற்று கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்கார இளைஞனுக்குக் கீழேதான். 1806 ஜூலை 10 வேலூர்ப் புரட்சியை உங்களுக்குப் பாடமாக நடத்தியிருக்கிறேன்: புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை, தாடிக்குத் தடை. அந்தச் சிப்பாய்கள் அத்தனை பேரும் தாளில் 'நேட்டிவ்' என்று எழுதப்பட்டவர்கள்தான். படைப்பிரிவுகளின் பெயரிலிருந்து அந்தச் சொல்லை எடுத்தது 1885-ல். எண்பது வருடம் ஆகியிருக்கிறது.

ஆஸ்பத்திரியிலும் அதே கதை. இன்றைய ஸ்டான்லி மருத்துவமனையின் வேர் மணியக்காரர் சத்திரமும் அதை ஒட்டியிருந்த 'நேட்டிவ் இன்ஃபர்மரி'யும். ஜனங்கள் அந்தப் பெயரைத் தொடவே இல்லை. கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி என்றார்கள். அவர்களுக்கு முக்கியம் கஞ்சி.

நான் அதிகம் யோசித்தது 1852 பற்றி. கஜுலு லட்சுமிநரசு செட்டியார் என்ற வணிகர், ஏற்கெனவே 'கிரெசன்ட்' என்ற பத்திரிகை நடத்தியவர், அந்த ஆண்டு ஒரு சங்கம் தொடங்கினார். பெயர் 'மெட்ராஸ் நேட்டிவ் அசோசியேஷன்'. வெள்ளைக்காரன் நம்மைத் தாழ்த்திச் சொன்ன சொல்லையே எடுத்து வாசலில் பலகையாக மாட்டினார்கள். நம் பாடநூலில் இதைச் 'சென்னைவாசிகள் சங்கம்' என்று மொழிபெயர்த்திருக்கிறார்கள். வாசி என்றால் குடியிருப்பவன், அவ்வளவுதான். அந்தச் சொல்லில் அன்று இருந்த காரம் அதில் வரவில்லை.

அந்தச் சங்கம் செய்த பெரிய காரியம், வரி வசூலில் நடந்த சித்திரவதையை லண்டன் பார்லிமென்ட் வரை கொண்டுபோனது. டான்பி சீமோர் என்ற உறுப்பினர் 1853-ல் நேரில் வந்து பார்த்தார். 1854-ல் விசாரணை ஆணையம் அமைந்து 1855-ல் அறிக்கை வந்தது. வரி பாக்கி வைத்த குடியானவனின் விரல்களைக் கிட்டியில் வைத்து நெரிப்பது, கழுத்தைக் கால்விரலோடு சேர்த்துக் கட்டி வெயிலில் நிறுத்துவது, எல்லாம் அதில் பதிவாகியிருக்கின்றன. சித்திரவதை உண்மை என்று ஒப்புக்கொண்ட ஆணையம் பழியைப் போட்டது யார் மேல் தெரியுமா? 'நேட்டிவ்' சிப்பந்திகள் மேல். வரித் தொகையை நிர்ணயித்த கலெக்டர் துரை சுத்தம். மனு கொடுத்தவன் நேட்டிவ், அடிபட்டவன் நேட்டிவ், குற்றவாளியும் நேட்டிவ். ஒரு சொல்லை வைத்துக்கொண்டு இவ்வளவு வசதியாகத் தப்பிக்க முடியும் என்று அந்த அறிக்கையைப் பற்றிப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது.

அடுத்த தலைமுறை அந்தப் பலகையைக் கழற்றியது. சென்னை உயர்நீதிமன்றத்துக்கு முதல் இந்திய நீதிபதியாக டி. முத்துசாமி ஐயர் வந்தபோது, இங்கிருந்த வெள்ளையர் பத்திரிகைகள் எதிர்த்தன. அதற்குப் பதில் சொல்லத்தான் 1878 செப்டம்பர் 20-ல் ஆறு இளைஞர்கள் சேர்ந்து 'தி ஹிந்து'வைத் தொடங்கினார்கள். கடன் வாங்கிய ஒன்றே முக்கால் ரூபாய், எண்பது பிரதி. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் வாத்தியார்கள் என்பதை இங்கே கொஞ்சம் அழுத்திச் சொல்லிக்கொள்கிறேன்! 1883-ல் இல்பர்ட் மசோதா. மாவட்டத்தில் உள்ள இந்திய மாஜிஸ்திரேட் வெள்ளையரை விசாரிக்கலாமா என்பதுதான் விஷயம். வெள்ளையர் போட்ட கூச்சலில் மசோதா வளைந்தது; குற்றம் சாட்டப்பட்ட வெள்ளையர், பாதிப் பேராவது வெள்ளையராக உள்ள ஜூரியைக் கேட்கலாம் என்று முடிந்தது. நம் மாநகராட்சிக் கட்டிடத்துக்குப் பெயரான ரிப்பன் பிரபு அப்போதைய வைஸ்ராய். மறு ஆண்டு, 1884 மே மாதம், சென்னையில் புதுச் சங்கம் பிறந்தது. இப்போது பெயர் 'மகாஜன சபை'. நேட்டிவ் போயிற்று, மகாஜனம் வந்தது.

இதில் வேடிக்கை, அதே பொருளை நம் மொழியில் சொன்னதும் அது வாளாகிவிட்டது. ஹிந்துவைத் தொடங்கிய அதே ஜி. சுப்பிரமணிய ஐயர் 1882-ல் தொடங்கிய தமிழ்ப் பத்திரிகை 'சுதேசமித்திரன்'. 1906-ல் தூத்துக்குடியில் வ.உ.சி. ஆரம்பித்தது 'சுதேசி' கப்பல் கம்பெனி. சுதேசி என்றால் என்ன? சொந்த தேசத்தில் பிறந்தது. அகராதியைப் பிரித்தால் நேட்டிவ்தான். ஆங்கிலத்தில் ஏச்சு, தமிழில் முழக்கம்.

இனிக் கடல் தாண்டுவோம். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரைக்கு அந்தப் பெயர் வந்ததே இந்தக் குடும்பத்திலிருந்துதான். 1497 கிறிஸ்துமஸ் சமயத்தில் வாஸ்கோ ட காமா கண்டதால் பிறப்புநாளின் பெயர். 1860 அக்டோபரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் 300-க்கும் மேற்பட்ட கூலிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி நவம்பர் 16-ல் அங்கே சேர்ந்தது. சென்னைத் துறையில் ஏறும்போது அவர்கள் நேட்டிவ். அங்கே இறங்கினால் அந்தச் சொல் கறுப்பின மக்களுக்கு உரியது, நம்மவர்கள் 'ஏஷியாட்டிக்'. காந்தி 1890-களில் அங்கே முதலில் நடத்திய சிறு போராட்டங்களில் ஒன்று, டர்பன் தபால் ஆபீசில் இந்தியரும் நேட்டிவ்களும் ஒரே வாசலில் நுழையும்படி இருந்ததை எதிர்த்து. வென்றார், மூன்றாவதாக ஒரு வாசல் கிடைத்தது. அந்த வெற்றியைப் பாராட்ட எனக்கு மனம் வரவில்லை. பின்னாளில் அவர் வெகுதூரம் வந்துவிட்டார் என்பதும் உண்மை. 1913-ல் அங்கே வந்த 'நேட்டிவ்கள் நிலச் சட்டம்' மண்ணின் மக்களுக்கு ஒதுக்கியது நாட்டின் நிலத்தில் சுமார் 7 சதவீதம். பிறந்த மண் என்ற பெயரிலேயே சட்டம் போட்டுப் பிறந்த மண்ணைப் பிடுங்கிக்கொண்டார்கள்.

இலங்கைக்கு வந்தால் கணக்குத் தலைகீழ். 1948 குடியுரிமைச் சட்டப்படி அங்கே பிறந்தால் மட்டும் போதாது. அப்பாவும் அங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அப்பாவைப் பெற்ற தாத்தாவும் அவருக்கு அப்பாவும் பிறந்திருக்க வேண்டும். தேயிலை லயத்தில் பிறந்தவன் அப்பாவின் பிறப்புச் சீட்டுக்கு எங்கே போவான்? லட்சக்கணக்கான மலையகத் தமிழர் நாடற்றவர் ஆனார்கள். 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டுத் தலைகளைப் பிரித்தார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வந்தவர்களுக்கு நம் அரசு வைத்த பெயர் 'தாயகம் திரும்பியோர்'. வாழ்நாளில் பார்த்தே இராத இடத்துக்கு எப்படித் திரும்புவது?

எண்பதுகளில் என் வகுப்பில் அப்படி ஒரு பையன் இருந்தான். பெயர் சொல்ல மாட்டேன், இதைப் படித்துக்கொண்டிருப்பான். ஊர் எது என்றால் "நுவரெலியா சார்" என்பான். அவன் அப்பாவைக் கேட்டால் "முசிறிப் பக்கம்" என்பார். முசிறியை அவர் பார்த்ததில்லை. அவருடைய தாத்தா சொன்ன பெயர் அது. வகுப்பில் பிள்ளைகள் அவனைச் 'சிலோன்' என்றுதான் கூப்பிட்டார்கள். அங்கே அவர்களை 'இந்தியாக்காரன்' என்றார்களாம். இன்று அவன் கோத்தகிரியில் கடை வைத்திருக்கிறான், இரண்டு பேரப்பிள்ளைகள்.

எங்கள் ஏரியாவையே பாருங்கள். பெருங்குடி 2011-ல் மாநகராட்சியோடு சேர்ந்தது. 2018-ல் சோழிங்கநல்லூர் தாலுகாவே காஞ்சிபுரம் மாவட்டத்திலிருந்து சென்னை மாவட்டத்துக்கு மாறியது. வீட்டைவிட்டு ஓரடி நகராமலே இங்குள்ள பழைய குடும்பங்களுக்கு மாவட்டம் மாறிவிட்டது. எங்கள் தெருவில் கீரை விற்கும் அம்மாவுக்கு எழுபத்தைந்து வயதிருக்கும். இந்த அடுக்குமாடி நிற்கிற இடத்தில் தான் நாற்று நட்டதாகச் சொல்வார். அவரிடம் மட்டும் யாரும் நேட்டிவ் எது என்று கேட்டதில்லை. நான் ஒருநாள் கேட்டேன். "அப்டின்னா?" என்றார். விளக்கினேன். "இதான்பா, வேற எது?" என்று கட்டை எடுத்துக் கொடுத்தார். அரைக்கீரை, பதினைந்து ரூபாய்.

தமிழில் இதற்குச் சரியான பெயரடை 'நாட்டு' என்பது என் கட்சி. நாட்டுக்கோழி, நாட்டுச் சர்க்கரை, நாட்டுத் தக்காளி, நாட்டு மருந்து. என் சின்ன வயதில் சீமைச் சரக்குதான் உசத்தி, நாட்டுச் சரக்கு ஏழைக்கு. இப்போது நாட்டுக்கோழி விலையைக் கேட்டால் பிராய்லரே போதும் என்றிருக்கிறது. மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் டப்பா செட்டி கடை வாசலில் ஐ.டி. பிள்ளைகள் பிரசவ லேகியத்துக்கு நிற்கிறார்கள். நாட்டு வெடிகுண்டு ஒன்றுக்குத்தான் இன்னும் மவுசு வரவில்லை, வரவும் வேண்டாம்.

தம்பி மகனுக்கும் அதே நிலையில் இருக்கும் மற்றவர்களுக்கும்: பெற்றோரின் பள்ளிச் சான்றிதழ், பழைய ரேஷன் கார்டு, வீட்டு வரி ரசீது, பெண்ணின் பிறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் இப்போதே தேடி எடுத்து வைத்துக்கொண்டு இ-சேவை மையத்துக்குப் போங்கள். கவுன்சலிங் சமயத்தில் அலையாதீர்கள்.

யார் வீட்டிலாவது தாத்தா காலத்துச் சிலோன் பாஸ்போர்ட்டோ, மண்டபம் முகாமில் கொடுத்த சீட்டோ இருந்தால் அதில் ஊர்ப்பெயர் எழுதிய பக்கத்தைப் படம் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள். இங்கே பொதுவில் போட வேண்டாம்.