நாமினிக்கு அப்பால்: வைப்பு நிதி, டிரஸ்ட், தன்னைக் காத்துக்கொள்ள இயலாத வாரிசு

டெல்லி ஆர்.கே.புரத்தின் செக்டர்கள் மத்திய அரசு ஊழியர்களுக்கென்றே எழுந்தவை. ஓய்வூதிய ஆணைகளை வங்கிகளுக்கு அனுப்பும் மத்திய ஓய்வூதியக் கணக்கு அலுவலகமும் அருகில், பிக்காஜி காமா பிளேஸில்தான் இருக்கிறது. ஆயினும் அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளையைப் பெற்ற ஊழியர், 'எனக்குப் பின் இவன் பணத்தை யார் பார்த்துக்கொள்வார்?' என்று கேட்டால் விதிகள் பாதி பதிலோடு நின்றுவிடுகின்றன.

குடும்ப ஓய்வூதியம் இறந்தவரின் சொத்தன்று, உயில் எழுதி அதை மாற்ற முடியாது என்று 1991இல் உச்ச நீதிமன்றம் கூறியது. சம்பாதிக்க இயலாத மாற்றுத்திறனாளிப் பிள்ளைக்கு அது ஆயுள் முழுவதும் மாதாமாதம் வரும். இந்த ஏற்பாடு நல்லது.

சிக்கல் பொது வைப்பு நிதித் (ஜி.பி.எஃப்.) தொகையில் இருக்கிறது. 2004க்கு முன் பணியில் சேர்ந்தவர்களின் சேமிப்பு இது. மொத்தமாகக் கைக்கு வருகிறது. நாமினேஷன் படிவத்தில் பெயர், உறவு, வயது, பங்கு, எந்நிலையில் நியமனம் செல்லாது, மாற்று நாமினி யார் என்பதற்கெல்லாம் கட்டம் உண்டு. பணத்தை எப்படிச் செலவிட வேண்டும் என்று எழுத ஒரு கட்டமும் இல்லை. குடும்பம் உள்ளவர் குடும்ப உறுப்பினரை மட்டுமே நியமிக்கலாம் என்று 1960ஆம் ஆண்டு விதிகள் சொல்வதால், பிள்ளைக்காக அமைத்த டிரஸ்டின் பெயரை எழுதவும் வழியில்லை.

நாமினி பணத்தைப் பெறுபவரே ஒழிய உரிமையாளர் அல்லர் என்பது சர்பதி தேவி வழக்கில் (1983) ஆயுள் காப்பீட்டுக்குச் சொல்லப்பட்டது; 2009இல் ஜி.பி.எஃப். தொகைக்கும் உச்ச நீதிமன்றம் அதையே சொன்னது. ஆக, நாமினி அறங்காவலரின் சுமையைச் சுமக்கிறார். வழிகாட்டும் பத்திரமும் கணக்குக் கேட்க ஆளும் இல்லாமல்.

மாற்று வழிக்கு அமெரிக்காவைப் பார்க்கலாம். அங்கே 2020 முதல், பரம்பரையாக வந்த ஓய்வுக்காலக் கணக்கைப் பெரும்பாலான வாரிசுகள் பத்தாண்டுக்குள் காலி செய்தாக வேண்டும். தள்ளிவைத்த வரியை வசூலிப்பதே நோக்கம். ஆனால் மாற்றுத்திறனாளிக்காக முறைப்படி அமைத்த டிரஸ்ட் அவர் ஆயுட்காலத்தை ஒட்டிச் சிறிது சிறிதாக எடுக்கலாம். அந்தக் கெடு நமக்கு வேண்டாம். அந்த விலக்கின் பின்னுள்ள அக்கறைதான் வேண்டும்.

குடும்பத்தினர் மட்டும் என்ற கட்டுப்பாடு வெளியார் பணத்தைக் கொண்டுபோகாமல் காக்கிறது என்பது வலுவான வாதம்தான். பயனாளி குடும்ப உறுப்பினராகவே இருக்க வேண்டும் என்று நிபந்தனை வைத்தால் அந்தக் காப்பு குலையாது. வருமான வரிச் சட்டம் (1961) 80டிடி பிரிவில், மாற்றுத்திறனாளியின் நலனுக்காக டிரஸ்டையே நாமினியாக்க இடம் தந்திருக்கிறது. வரித்துறை ஏற்றதை வைப்பு நிதி விதி மறுப்பதற்கு நியாயம் எனக்குத் தெரியவில்லை.

கண்காணிப்புக்கும் புதிய அமைப்பு தேவையில்லை. 1999ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி நியமிக்கப்படும் பாதுகாவலர் ஆறு மாதத்துக்குள் சொத்துப் பட்டியலும் ஆண்டுதோறும் வரவுசெலவும் தர வேண்டும். ஜி.பி.எஃப். பெறும் டிரஸ்டுக்கும் அதே கடமையை விதித்து, நாமினேஷன் குறித்த ஐந்தாம் விதியில் ஒரு விலக்கைச் சேர்த்தால் போதும்.