பொதோசி: வெள்ளிக்கு இருந்த கணக்கு

கவுண்டரில் கள்ள நோட்டு வந்தால் எங்களுக்குத் தலைவலிதான். முத்திரை குத்தி, ரிஜிஸ்டரில் ஏற்றி, கொண்டு வந்தவருக்கு ரசீது கொடுக்க வேண்டும். அவரோ நம்மைத்தான் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பார்! சரி, அரசாங்கத்தின் நாணயச்சாலையே கள்ளக்காசு அடித்தால்? அப்படி நடந்த ஊர் ஒன்று உண்டு. தென் அமெரிக்காவில், இன்றைய பொலிவியாவில் இருக்கும் பொதோசி.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், புல்கூட சரியாக முளைக்காத இடம். 1545-ல் அங்குள்ள மலையில் வெள்ளி இருப்பது ஸ்பானியர்களுக்குத் தெரியவந்தது. மலைக்கு 'செர்ரோ ரிக்கோ', அதாவது பணக்கார மலை என்று பெயர் வைத்தார்கள். அறுபது, எழுபது வருடங்களில் அங்கே லட்சம் பேருக்கு மேல் குடியேறிவிட்டார்கள். விலைமதிக்க முடியாத பொருளை 'ஒரு பொதோசி பெறும்' என்று ஸ்பானிய மொழியில் இன்றும் சொல்வதுண்டு.

வெள்ளியை வெட்டியது யார்? 1570-களில் வைஸ்ராய் தொலேதோ 'மித்தா' என்ற கட்டாய வேலை முறையைக் கொண்டுவந்தார். இன்கா அரசர்கள் காலத்து ஊழிய முறையையே அவர் சுரங்கத்துக்குத் திருப்பிக்கொண்டார். சுற்றியுள்ள மாகாணங்களில் வேலை செய்யும் வயதுள்ள ஆண்களில் ஏழில் ஒருவர், வருடத்துக்குப் பதின்மூன்றாயிரம் பேருக்கு மேல், முறை வைத்து வரவேண்டும். பாதரசம் கலந்து வெள்ளியைப் பிரிக்கும் ஆலைகளில் அந்த விஷத்திலேயே வேலை. பலர் ஊரைவிட்டே ஓடினார்கள். ஆள் குறைந்தால், கூலி ஆள் பிடிப்பதற்கான பணத்தை ஊர்த் தலைவர் கட்டவேண்டும். செத்தவனும் ஓடியவனும் கணக்கில் வெறும் நிலுவை!

இனி கள்ளக்காசுக்கு வருவோம். 1640-களில் பொதோசி நாணயச்சாலையில் வெள்ளியோடு செம்பை அளவுக்கு மேல் கலந்தார்கள். ஐரோப்பிய வணிகர்கள் அந்தக் காசை வாங்க மறுத்தார்கள். மன்னர் விசாரணை அதிகாரியை அனுப்பினார். முக்கியக் குற்றவாளியான வெள்ளி வணிகர் கோமெஸ் தெ லா ரோச்சாவுக்கு 1650-ல் மரண தண்டனை. பழைய காசுகளின் மதிப்பைக் குறைத்து அறிவித்தார்கள். 1652-ல் புது வடிவக் காசு வந்தது. கையில் பழைய காசு வைத்திருந்த சாமானியன் பாடு என்ன ஆகியிருக்கும்? 2016 நவம்பரில் கவுண்டரின் இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ நின்றவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை.

இதில் நமக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது. நான் வேலை பார்க்கும் சூரத் அந்தக் காலத்தில் முகலாயர்களின் பெரிய துறைமுகம். அமெரிக்க வெள்ளியில் அடித்த ஸ்பானிய காசுகள் கப்பலேறி இங்கே வந்தன. இங்கிருந்த முகலாய நாணயச்சாலை அவற்றை உருக்கி ரூபாயாக அடித்தது.

பொதோசியின் நாணயச்சாலை இப்போது அருங்காட்சியகம். மலையை இன்னும் குடைந்துகொண்டுதான் இருக்கிறார்கள். உச்சியே உள்வாங்குகிறது என்பதால், 2014-ல் யுனெஸ்கோ ஆபத்திலுள்ள பாரம்பரியச் சின்னங்களில் இந்த ஊரைச் சேர்த்தது.

கணக்கு எழுதிப் பிழைப்பவன் என்பதால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. காசில் வெள்ளி குறைந்ததற்கு விசாரணை, தண்டனை எல்லாம் நடந்தது. மலைக்குள் போய்த் திரும்பாதவர்கள் எத்தனை பேர் என்று மட்டும் யாரும் டேலி செய்து வைக்கவில்லை.