டபுள்ட்ரீ: மரம் எப்படி இரட்டையானது?

வண்டிக் குதிரையின் இரு பக்க இழுவார்களும் பின்னே ஒரு குறுக்குக் கட்டையில் மாட்டப்படும். கட்டை நடுவில் கோக்கப்பட்டிருப்பதால் குதிரை எட்டு வைக்க வைக்க முன்னும் பின்னும் ஆடும். இல்லாவிட்டால் கழுத்துப்பட்டை தோளை உரசிப் புண்ணாக்கிவிடும். இந்த ஆடுகட்டைக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்விங்கிள்ட்ரீ’ என்று பெயர். ‘ட்ரீ’ என்பதற்கு அங்கே கட்டை என்றே பொருள், நம் கட்டுமரத்தில் வரும் மரம் போல. ‘ஸ்விங்கிள்’ ஆளிச்செடியின் நாரை அடித்துப் பிரிக்கும் கோல்.

அந்தக் கோல் மறந்துபோன காதுகளில் சொல் ‘சிங்கிள்ட்ரீ’ என்று விழுந்தது. ஒற்றை என்று ஒன்று இருந்தால் இரட்டை வேண்டாமா? இரண்டு ஆடுகட்டைகளைத் தாங்கும் பெரிய கட்டைக்கு, 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் ‘டபுள்ட்ரீ’ என்று பெயர் வந்தது. தவறாகக் கேட்ட காதுக்குப் பிறந்த பிள்ளை!

மூன்று குதிரை பூட்டினால்தான் கணக்கு சுவையாகும். 3 அடிக் கட்டையில் ஜோடி மாட்டும் முனையிலிருந்து 1 அடியில், ஒற்றைக் குதிரையின் முனையிலிருந்து 2 அடியில் துளையிட்டு ஏரையோ மரப்பாரத்தையோ கோத்தால், மூன்றுக்கும் சமபங்கு. இதன் பெயர் ‘ஈவனர்’, அதாவது சமன்கட்டை.