லூகர்: எண்களில் எழுதப்பட்ட வரலாறு

பழம்பொருள் சேகரிப்போரிடையே ஜெர்மானிய இராணுவக் கைத்துப்பாக்கிகளுக்கு, அவற்றுள்ளும் லூகருக்கு, தனி மதிப்புண்டு. கொல்வதற்கென்றே செய்த கருவியை அழகுப்பொருளாய்ப் போற்றுவது தகுமா? இக்கேள்வியை அதன் வரலாற்றை அறிந்தபின் கேட்பதே முறை.

1893இல் ஹூகோ போர்ஹார்ட் வடிவமைத்த தானியங்கிக் கைத்துப்பாக்கி, கையில் அடங்காத பருமன் கொண்டது. கியோர்க் லூகர் அதன் வில்லைக் கைப்பிடிக்குள் நகர்த்திச் சாய்வான பிடியமைத்தார். சுவிட்சர்லாந்து 1900இலும், ஜெர்மன் கடற்படை 1904இலும், தரைப்படை 1908இலும் அதனை ஏற்றன. ‘பி08’ என்ற பெயர் அவ்வாண்டின் எச்சமே.

அதன் பூட்டு நம் முழங்காலைப் போன்றது. கால் நேராயிருக்கும்வரை பாரம் தாங்கும்; பின்னிருந்து தட்டினால் மடங்கிவிடும். தோட்டா வெடித்ததும் குழலும் பூட்டும் ஒன்றாகவே சற்றுப் பின்னகர்கின்றன. குண்டு குழலை நீங்கி அழுத்தம் தணிந்தபின், சட்டத்தின் சரிவில் மோதி மூட்டு மேல்நோக்கி மடங்குகிறது, வெற்றுக்கூடு வெளியேறுகிறது. பின் வில்லின் இழுப்பால் மூட்டு நிமிர்ந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளுகிறது. அறையில் தோட்டா இருந்தால் மேலே எழும்பும் சிறு தகட்டில் ‘நிரப்பப்பட்டது’ எனப் பொருள்படும் ஜெர்மன் சொல்லைக் காணலாம்.

இத்தகைய நுட்பத்திற்கு ஒவ்வோர் உறுப்பையும் இழைத்துப் பொருத்த வேண்டியிருந்தது. ஆகவே பேருறுப்புகளில் முழு வரிசை எண்ணையும், சிற்றுறுப்புகளில் அதன் கடைசி ஈரிலக்கங்களையும் பொறித்தனர். எல்லா எண்களும் ஒத்திருந்தால் சேகரிப்பாளர் மிகுந்த விலை தருவர். ஆனால் எண் பொருந்தாத துப்பாக்கியும் பொய்யன்று. உடைந்த உறுப்பை யாரோ மாற்றிப் பொருத்தியதற்கு அதுவே சாட்சி.

குறிகளோ அரசியலையே பேசுகின்றன. 1919ஆம் ஆண்டின் வெர்சாய் ஒப்பந்தம் ஜெர்மனியின் படையை ஒரு லட்சம் பேராகச் சுருக்கியது. பழைய ஆண்டுக்கு மேலே ‘1920’ எனப் பொறித்த துப்பாக்கிகள் அக்காலத்தவை. நாஜிகள் ஆட்சிக்கு வந்தபின் மௌசர் ஆலையில் செய்தவற்றில் நிறுவனப் பெயருக்கு மாற்றாக ‘எஸ்/42’ என்ற குறியும், 1934க்கு ‘கே’, 1935க்கு ‘ஜி’ என்ற எழுத்துகளும் உள்ளன. 1936 முதல் ஆண்டு வெளிப்படையாகவே வந்துவிடுகிறது. மறைத்து ஆயுதம் சேர்த்த அரசு, மறைப்பை விட்ட கணத்தை நான்கு இலக்கங்களில் நாம் படிக்கிறோம்.

பழைய இரும்புக்குப் புதிய கருநீல மெருகேற்றுவதை நாம் ஏற்காமைக்குக் காரணம் இதுவே. அரத்தால் தேய்ப்பவர் துருவோடு சாட்சியத்தையும் அழிக்கிறார்.

1938இல் எளிதில் செய்யத்தக்க வால்தர் பி38 வந்தது. 1942இல் மௌசர் லூகர் உற்பத்தியை நிறுத்தியது. துப்பாக்கி கண்ணாடிப் பேழைக்குள் சென்றுவிட்டது. ஆனால் அதற்கென லூகர் உருவாக்கிய 9 மி.மீ. பாரபெல்லம் தோட்டாவை உலகின் படைகளும் காவல்துறைகளும் இன்றும் பயன்படுத்துகின்றன. ‘போருக்கு ஆயத்தமாகு’ என்பதே அந்த லத்தீன் பெயரின் பொருள். பேழையின் முன் நிற்கையில், இவ்வரலாறு முடிந்துவிட்டதென்று மட்டும் நாம் எண்ணலாகாது.